கோல்ஃப் பத்தி ஏற்காட்டுல எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்க: ஒரு பழைய புரோவோட பதில்கள்

ஒண்டிக்கடைல டீ குடிக்க நின்னா ஒருத்தர் கேப்பாரு, சேலத்துக்கு பஸ்ல இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவும் முடியுறதுக்குள்ள பக்கத்து சீட்காரர் கேப்பாரு, சொந்தக்காரங்க கல்யாணத்துல பந்தில உக்காந்தா எதுத்த இலைக்காரர் கேப்பாரு. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான். அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன்.

நான் யாருன்னு சுருக்கமா சொல்லிடுறேன். 1957ல ஏற்காடு பக்கத்துல ஒரு காப்பி எஸ்டேட் லைன் வீட்டுல பிறந்தவன், பன்னெண்டு வயசுல ஊட்டிக்குப் போய் கேடி வேலை (கோல்ஃப் ஆடுறவங்களோட பைய தூக்கிக்கிட்டு கூடவே நடக்குறது) பார்த்தேன், 1981ல புரோ, அதாவது காசுக்கு ஆடுற தொழில்முறை ஆட்டக்காரன் ஆனேன், 1998 வரைக்கும் ஊர் ஊரா டூர்னமென்ட் ஆடினேன், அதுக்கப்புறம் பெங்களூர்ல சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருந்துட்டு இப்ப திரும்ப மலைக்கே வந்துட்டேன்.

எஸ்டேட் லைன் வீட்டுப் பையனுக்கு கோல்ஃப் எப்படிங்க கிடைச்சுது?

மாமாவால. எங்க அம்மாவோட தம்பி, அவரு ஊட்டில கேடியா இருந்தாரு. எங்க வீட்டுல நாலு புள்ளைங்க, அப்பா அம்மா ரெண்டு பேரும் எஸ்டேட்ல கூலி, பழம் எடுக்குற சீசன் முடிஞ்சா கைல காசு சுருங்கிடும். 1969ல மாமா வந்தப்ப "அக்கா, சின்னவன எங்கூட அனுப்பு, நான் பாத்துக்கறேன்"னாரு, அனுப்பிட்டாங்க.

ஆனா உண்மையைச் சொன்னா ஆட்டம் அதுக்கும் முன்னாடியே எங்கிட்ட வந்துடுச்சு. காப்பி காய வைக்குற களம் தெரியும்ல, பழத்தோல் எடுத்து கழுவின கொட்டைய கொட்டி பரப்புற சிமெண்டு தரை. காப்பி இல்லாத மாசத்துல அது காலியா கிடக்கும், நாங்க காப்பிச் செடி கவாத்து பண்ணி போட்ட குச்சில வளைஞ்சதா ஒண்ணு எடுத்து கொய்யாப் பிஞ்ச அடிச்சு மூலைல இருக்குற தண்ணி போற ஓட்டைக்குள்ள தள்ளுவோம். களம் பார்க்க சமமாத்தான் இருக்கும், ஆனா மழைத்தண்ணி வடியணுமேன்னு ஒரு பக்கமா லேசா சாய்ச்சு போட்டிருப்பாங்க, அதனால நேரா அடிச்சா ஓட்டைக்குப் போகாது, மேல் பக்கம் தள்ளி அடிச்சா தானா வளைஞ்சு வந்து விழும். கோல்ஃப்ல பந்த குழிக்குள்ள உருட்டுறத பட்டிங்னு சொல்றாங்க, அதுல பாதி இதுதான். எனக்கு அது எட்டு வயசுலயே தெரியும், அதுக்கு ஒரு பேரு இருக்குன்னு மட்டும் தெரியாது.

கேடின்னா பை தூக்குறது மட்டும்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகமா பதில் சொல்லணும்னு நினைக்கிறேன், ஏன்னா நம்ம நாட்டுல கோல்ஃப் அறிவு பெரும்பாலும் கேடிங்க தலைலதான் இருந்துச்சு, இன்னும் இருக்கு, ஆனா அத யாரும் அப்படிச் சொல்றதில்ல.

பை தூக்குறது வேலைல சின்ன பங்கு. அந்தக் காலத்து தோல் பை, உள்ள பதினாலு குச்சி, மழைல நனைஞ்சா இன்னும் கனம். பதினெட்டு குழி முடிய நாலு மணி நேரம், மேடு பள்ளம் ஏறி இறங்கணும். எனக்கு முதல் வருஷம் ஒரு ரவுண்டுக்கு ஒண்ணரை ரூபா கிடைச்சுது. டிசம்பர் ஜனவரில காலைல புல்லு மேல பனி உறைஞ்சு உப்பு தூவின மாதிரி இருக்கும், செருப்பு கிடையாது, கால் மரத்துப்போயிடும், வெயில் ஏறுற வரைக்கும் மாத்தி மாத்தி ஒரு கால இன்னொரு கெண்டைக்கால்ல தேய்ச்சுக்கிட்டு நிப்போம்.

முதல் பாடம் பந்து கண்டுபிடிக்கிறது. ஊட்டில வெள்ளக்காரங்க கொண்டாந்து வெச்ச ஒரு முள்ளுப் புதர் இருக்கு, மஞ்சளா பூக்கும், அதுக்குள்ள பந்து போனா கை விட்டு எடுக்க முடியாது. அப்ப ஒரு பந்து விலை எங்க ஒரு வாரக் கூலி, தொலைஞ்சா திட்டு கேடிக்குத்தான். மாமா சொல்லுவாரு, "டேய், பந்து விழுற இடத்தப் பார்க்காத, புல்லு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். விழுந்த இடத்துக்கு நேர் பின்னாடி என்ன மரம் இருக்குன்னு பாரு, அந்த மரத்த விட்டு கண்ண எடுக்காம நட." இன்னைக்கும் என் கூட நடக்குறவங்க பந்து தொலைச்சா நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன், அறுபத்தெட்டு வயசு கண்ணு, கண்ணாடி போட்டிருக்கேன், ஆனா பழக்கம் அது.

ரெண்டாவது பாடம் ஆளப் பார்க்கிறது. ஒரு சார் நூத்தம்பது யார்டுல நின்னுக்கிட்டு எத்தனாம் நம்பர் அயர்ன்னு கேப்பாரு (அயர்ன்னா இரும்புத் தலை குச்சி, நம்பர் குறைய குறைய பந்து தூரமா போகும்). தூரத்தப் பார்த்து பதில் சொன்னா தப்பாயிடும், ஏன்னா அவரு நேத்து அடிச்ச தூரம் இன்னைக்கு வராது, குளிருக்கு கை இறுகியிருக்கும், இல்ல ராத்திரி சரியா தூங்கியிருக்க மாட்டாரு. மாமா எங்கிட்ட சொன்னது இது: "சார் எவ்வளவு தூரம் அடிக்க ஆசைப்படுறாருன்னு பார்க்காத, அவரு கை இன்னைக்கு எப்படி இருக்குன்னு முதல் மூணு குழில பாத்துக்கோ." அதுக்கப்புறம் சார் ஏழாம் நம்பர் கேட்டா மாமா பேசாம ஆறாம் நம்பர நீட்டுவாரு, பந்து கிரீன் (குழிய சுத்தி ஒட்ட வெட்டின புல்தரை) நடுவுல விழும், சார் தான் நல்லா அடிச்சதா நினைச்சுக்குவாரு. மாமா ஒரு வார்த்தை பேச மாட்டாரு.

மூணாவது கால். கிரீன்ல சாய்மானம் எந்தப் பக்கம்னு கண்ணு ஏமாத்தும், மலைல இன்னும் மோசம், பின்னாடி பெரிய சரிவு இருந்தா சமதரை கூட எதிர்ப்பக்கம் சாய்ஞ்ச மாதிரி தெரியும். வெறுங்கால்ல பந்துக்கும் குழிக்கும் நடுவுல நின்னா எந்தக் கால்ல கனம் கூட விழுதுன்னு தெரிஞ்சுடும். எங்க பசங்க எல்லாருமே அப்படித்தான் பார்த்தாங்க. இப்ப எய்ம்பாயிண்ட்னு ஒரு முறை வந்திருக்கு, ஆடம் ஸ்காட் மாதிரி பெரிய ஆட்டக்காரர்லாம் அத வெச்சு ஆடுறாங்க, டிவில பார்த்திருப்பீங்க, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால அகட்டி நின்னு விரல தூக்கிக் காட்டுவாங்க. அதுவும் கால்ல சாய்மானத்த உணர்ந்துதான் தொடங்குது. காசு வாங்கிக்கிட்டு வகுப்பு எடுக்குறாங்க. அத முதல்ல பார்த்தப்ப எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு, ஏன்னா அந்த வித்தைய வெச்சிருந்த எத்தனையோ பேர் ஒண்ணரை ரூபாய்க்கு பை தூக்கிட்டு பேரு தெரியாம செத்துப்போயிட்டாங்க.

கேடிங்கள ஆட விடுவாங்களா?

திங்கக்கிழமை மெம்பருங்க வர்றது கம்மி, அன்னைக்கு நாங்க ஆடிக்குவோம். எங்க நாலு பேருக்கு மொத்தம் ஒரு அஞ்சாம் நம்பர் அயர்ன், கைப்பிடி பிஞ்சு சைக்கிள் டியூப் சுத்தினது. அத வெச்சேதான் டீல (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கிற இடம்) இருந்து அடிப்போம், அத வெச்சேதான் மணல்ல இருந்து எடுப்போம், அத வெச்சேதான் குழிக்குள்ள தள்ளுவோம். ஒரே குச்சில உயரமாவும் தாழ்வாவும் இடது பக்கமும் வலது பக்கமும் அடிக்கணும்னா கை தானா கத்துக்கும். ஸ்பெயின்ல செவே பயஸ்டெரோஸ் சின்ன வயசுல கேடியா இருந்து, கடற்கரை மணல்ல ஒரே ஒரு மூணாம் நம்பர் அயர்ன் வெச்சு ஆடிப் பழகினாருன்னு பிற்பாடு படிச்சேன், 1979ல பிரிட்டிஷ் ஓபன் ஜெயிச்சாரே அவருதான். படிச்சதும் மாமாகிட்ட ஓடிப்போய் சொன்னேன். "பின்ன என்னடா, குச்சி கம்மியா இருந்தாத்தான் கை பெருசாகும்"னாரு.

மரத்துல டிரைவர்னு சொல்றீங்களே, நிஜமாவே மரமா?

நிஜ மரம். டிரைவர்னா டீல இருந்து ரொம்ப தூரம் அடிக்குற குச்சி, அதோட தலை மரம். பெர்சிமன்னு அமெரிக்காவுல வளர்ற மரம், நம்ம கருங்காலி, பீடி இலை மரம் எல்லாம் இருக்குற அதே இனம்தான், அதனாலதான் அவ்வளவு கெட்டி. தலை கைக்குள்ள அடங்குற அளவு இருக்கும், முகத்துல ஒரு துண்டு வேற பொருள பதிச்சு திருகாணி போட்டிருப்பாங்க, அடில பித்தளை தகடு, கழுத்துல கறுப்பு நூல் சுத்தியிருக்கும். மழைல நனைஞ்சா மரம் ஊதிக்கும், நூல் அவிழும், நாங்க ராத்திரி அடுப்புக்கு ரொம்ப பக்கத்துலயும் இல்லாம தூரத்துலயும் இல்லாம வெச்சு காய வெச்சு வார்னிஷ் அடிப்போம். மேல ஒரு சாக்ஸ மாட்டி வெப்போம்.

1979ல டெய்லர்மேட் கம்பெனி துரு பிடிக்காத ஸ்டீல்ல உள்ள வெத்தா ஒரு டிரைவர் கொண்டாந்துச்சு. சேலம் ஸ்டீல் பிளான்ட்ல எவர்சில்வர் தகடு ஓட்டுறாங்களே, அந்த மாதிரி பொருள்ல டிரைவரான்னு நாங்க நம்பல. சத்தம் வேற டங்குன்னு பாத்திரம் விழுந்த மாதிரி. 1991ல காலவே பிக் பெர்த்தா வந்தப்புறம்தான் எல்லாரும் மாறினாங்க. 1993ல மாஸ்டர்ஸ்னு அமெரிக்காவுல நடக்குற பெரிய போட்டில பெர்ன்ஹார்ட் லாங்கர் மர டிரைவர் வெச்சே ஜெயிச்சாரு. நான் 1994 வரைக்கும் மரத்த விடல. மரத்துல நடுவுல பட்டா கைக்கு ஒண்ணுமே தெரியாது, வெண்ணெய வெட்டின மாதிரி போயிடும், ஓரத்துல பட்டா முழங்கை வரைக்கும் ஜிவ்வுனு ஏறும். அந்த வலிதான் எங்களுக்கு வாத்தியார். இப்ப 460 சிசி தலை, எங்க பட்டாலும் போகுது, நல்லதுதான், புதுசா வர்றவங்களுக்கு சந்தோஷமா இருக்கு, ஆனா தப்பா அடிச்சோம்னு கை சொல்றது நின்னுபோச்சு.

அந்தக் காலத்து பந்து வேற மாதிரியாமே?

ரெண்டு விதத்துல வேற. முதல்ல அளவு. நாங்க சின்ன பந்துல ஆடினோம், 1.62 இன்ச். அமெரிக்காவுல மட்டும் 1.68. சின்னது காத்த கிழிச்சுக்கிட்டுப் போகும், ஆனா புல்லுல உக்காந்துக்கிட்டு எடுக்க வராது. பிரிட்டிஷ் ஓபன்ல 1974லயே பெரிய பந்து கட்டாயம் ஆயிடுச்சு, ஆனா சின்ன பந்து முழுசா ஒழிஞ்சது 1990லதான். ஒரே வாரத்துல ஒரு ஊர்ல சின்னது இன்னொரு ஊர்ல பெருசுன்னு ஆடினதெல்லாம் உண்டு, கைக்கு குழப்பமா இருக்கும்.

அடுத்தது தோல். நல்ல பந்துக்கு மேல பலாட்டான்னு ரப்பர் மாதிரி மெத்துன்னு ஒரு தோல், உள்ள நல்லா இழுத்து சுத்தின ரப்பர் நூல். அயர்ன் நுனில பட்டா தோல் கிழிஞ்சு சிரிச்ச வாய் மாதிரி ஆயிடும், ஒரு ரவுண்டுக்கு ரெண்டு மூணு பந்து போயிடும். கிழிஞ்சத நாங்க தூக்கிப்போட மாட்டோம், உரிச்சு நூல எடுத்து கவட்டைக்கு கட்டுவோம். சர்லின்னு ஒரு பிளாஸ்டிக் தோல் போட்ட பந்து கிழியாது, கல்லு மாதிரி, ஆனா கிரீன்ல நிக்காது. மெத்துனு இருக்கறதா, உழைக்கறதான்னு ஒண்ணத்தான் எடுத்துக்க முடியும். 2000 கடைசில புரோ வி1னு ஒரு பந்து வந்துச்சு, ரெண்டும் ஒரே பந்துல. நூல் சுத்தின பந்து ஒண்ணு ரெண்டு வருஷத்துல காணாமப் போச்சு. நான் அப்ப ஆட்டத்த விட்டாச்சு, பெங்களூர்ல ஒரு பையன் அந்தப் பந்துல அடிச்சத பக்கத்துல நின்னு பார்த்தேன், சத்தமே வேற.

பந்து விஷயத்துல இன்னொண்ணு, மலை. ஊட்டி 2,240 மீட்டர், அங்க காத்து லேசு, கடலோரத்துல நூறு யார்டு போறது அங்க ஏழெட்டு யார்டு கூடப் போகும். ஊட்டில கத்துக்கிட்டு மெட்ராஸ் போனப்ப எல்லா பந்தும் குட்டையா விழுந்துச்சு, எனக்கு கை போயிடுச்சோன்னு பயந்துட்டேன். கூட வந்த கேடிதான் சொன்னான், "அண்ணே, கைல ஒண்ணுமில்ல, காத்து கனம், ஒரு நம்பர் குறைச்சு எடுங்க."

பிரவுன்னு ஒண்ணு சொல்வீங்களே, அது என்ன?

இப்ப இருக்குற பசங்க நம்ப மாட்டாங்க. தண்ணி இல்லாத ஊர்ல குழிய சுத்தி புல்லு வளர்க்க முடியாது, அதனால மணல்ல பழைய இன்ஜின் ஆயில ஊத்தி பிசைஞ்சு உருளை போட்டு அழுத்தி வெச்சிருப்பாங்க. கிரீன் இல்ல, பழுப்பா இருக்கும், அதான் பிரவுன். வட நாட்டுல, கண்டோன்மென்ட் ஊருங்கள்ல நான் ஆடினதுல நிறைய இடம் அப்படித்தான். ஆயில் வாசம் சட்டைல ரெண்டு நாள் நிக்கும், பந்து கறுப்பாயிடும், ஒவ்வொரு தடவையும் துணில துடைக்கணும்.

அதுல ஆடுற முறையே வேற. நடந்தா கால் தடம் பதியும், அதனால எல்லாரும் பிரவுன்ல ஏறினப்புறம் ஒரு பையன் வந்து பந்துல இருந்து குழி வரைக்கும் ஒரு பாய இழுத்தோ, கட்டையால தள்ளியோ பாதை போட்டுக் கொடுப்பான். அந்தப் பாதைல அடிக்கணும். அந்தப் பையனுக்கு ஆயில் எங்க காய்ஞ்சிருக்கு, எங்க புதுசா ஊத்தியிருக்கு, எல்லாம் தெரியும், ஏன்னா ஊத்தினதே அவன்தான்.

1987ல ஒரு வட நாட்டு ஊர், ஊரும் கிளப்பும் வேண்டாம். கடைசி நாள், கடைசி குழி, நான் முதல் இடத்துல சமமா இருக்கேன், பத்தடி பட் போட்டா ஜெயிச்சேன். பாதை போட்ட பையனுக்கு பன்னெண்டு பதிமூணு வயசு இருக்கும், வெறுங்கால். பாய இழுத்து முடிச்சுட்டு மெதுவா இந்தில சொன்னான், குழிகிட்ட நேத்துதான் எண்ணெய் போட்டோம், பந்து நின்னுடும், பலமா அடிங்க சார்னு. நான் தலைய ஆட்டினேன், ஆனா காதுல வாங்கல. நான் புரோ, ஆறு வருஷமா டூர்னமென்ட் ஆடுறவன், எனக்குத் தெரியும்னு ஒரு எண்ணம். அடிச்சேன், நேரா போச்சு, குழிக்கு ஒரு சாண் முன்னாடி நின்னுடுச்சு. அடுத்து சமமா வந்தவங்களுக்கு வெக்கிற பிளே ஆஃப்ல தோத்தேன்.

தோத்தது பெருசில்ல. நானே அந்தப் பையனா இருந்தவன். எங்க மாமா சொன்ன நம்பர எடுக்காம தன் இஷ்டத்துக்கு அடிச்சு தண்ணில விட்ட சாருங்கள நான் எத்தனை பேரப் பார்த்து மனசுக்குள்ள வருத்தப்பட்டிருக்கேன். அன்னைக்கு சாயங்காலம் அவனத் தேடினேன், ஷிப்ட் முடிஞ்சு போயிட்டான். அந்த பத்தடி எனக்கு இன்னும் தூக்கத்துல வருது.

பெரிய டூர்னமென்ட் எதுவும் ஜெயிச்சீங்களா?

இல்லைங்க. ரெண்டாவது ரெண்டு தடவை, முதல் பத்துக்குள்ள பல தடவை. குடும்பம் ஓடுச்சு.

அந்தக் காலத்து புரோ வாழ்க்கை எப்படி?

சேலம் ஜங்ஷன்ல இருந்து ரெண்டாம் வகுப்புல பைய சீட்டுக்கு அடில தள்ளிட்டு ரெண்டு நாள் டெல்லிக்கு, அங்க நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு ரூம், கட் மிஸ் ஆனா, அதாவது ஸ்கோர் பத்தாம பாதிலயே வெளியேறினா, அன்னைக்கு ராத்திரியே திரும்பற டிக்கெட். அம்மா கட்டித் தர்ற தட்டுவடையும் புளிசாதமும் நாக்பூர் வரைக்கும் தாங்கும். 1991க்கு முன்னாடி வெளிநாட்டு சாமான் வாங்குறது லேசுப்பட்டதில்ல, வெளிநாடு போய்ட்டு வர்ற மெம்பருங்க பழச வித்தாத்தான் எங்களுக்கு நல்ல செட்டு. பரிசுப் பணம் கம்மி, வருமானம் பெரும்பாலும் காலைல மெம்பருங்களுக்கு சொல்லிக்கொடுக்குறதுல வந்ததுதான். புரோக்களுக்குன்னு பிஜிடிஐ டூர் 2006லதான் வந்துச்சு, அதுக்குள்ள எங்க தலைமுறை முடிஞ்சுபோச்சு.

ஒண்ணு மட்டும் சொல்லணும். ஒரு கிளப்ல டூர்னமென்ட் ஆடப் போனப்ப கேடியா இருந்து புரோ ஆனவங்களுக்கு மட்டும் சாப்பாடு வெளிய மரத்தடில போட்டாங்க, மத்தவங்களுக்கு உள்ள மேஜைல. அன்னைக்கு ஸ்கோர் போர்டுல மேல இருந்த மூணு பேரும் மரத்தடிலதான் சாப்பிட்டாங்க. நாங்க யாரும் சண்டை போடல, பேசிக்கவும் இல்ல. இப்ப அப்படி இல்லைன்னு கேள்விப்படுறேன், கேக்க சந்தோஷமா இருக்கு.

நீங்க மதிக்கிற ஆட்டக்காரர் யாரு? டைகர் உட்ஸா?

டைகர் 1997ல இருபத்தோரு வயசுல மாஸ்டர்ஸ பன்னெண்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்துல ஜெயிச்சத யாரு மறக்க முடியும். ஆனா எனக்கு நெஞ்சுல இருக்குறவங்க வேற.

பீட்டர் தாம்சன், ஆஸ்திரேலியாக்காரர், பிரிட்டிஷ் ஓபன் அஞ்சு தடவை ஜெயிச்சவரு. 1964ல நம்ம இந்தியன் ஓபன் தொடங்கின வருஷமே அவருதான் ஜெயிச்சாரு, 1966லயும் 1976லயும் மறுபடி. அவ்வளவு பெரிய ஆளு நம்ம நாட்டுக்கு திரும்பத் திரும்ப வந்தாரே, அதுக்கே கும்பிடணும். 1965ல பில்லு சேத்தி ஜெயிச்சாரு, அவரு அமெச்சூர், காசுக்கு ஆடாதவரு. 1982ல ஏஷியன் கேம்ஸ்ல முதல் தடவையா கோல்ஃப் வெச்சாங்க, டெல்லில, லக்‌ஷ்மண் சிங் தங்கம், டீமுக்கும் தங்கம்.

அப்புறம் 1991. சேத்திக்கு அப்புறம் இருபத்தாறு வருஷமா இந்தியன் ஓபன ஒரு இந்தியரும் ஜெயிக்கல, வெளிநாட்டுக்காரங்களே வந்து வாங்கிட்டுப் போவாங்க. அந்த வருஷம் அலி ஷேர் ஜெயிச்சாரு. கேடியா இருந்தவரு. நான் அன்னைக்கு பெங்களூர்ல ஒருத்தருக்கு சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருந்தேன், மறுநாள் பேப்பர்ல பார்த்துட்டு கேடி ஷெட்டுக்கு எடுத்துட்டு ஓடினேன், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்க எல்லாம் சுத்தி நின்னாங்க, நான் சத்தமா வாசிச்சேன், ஒருத்தர் திரும்ப வாசிங்கன்னாரு, திரும்ப வாசிச்சேன். 1993ல மறுபடி ஜெயிச்சாரு. 2009ல முனியப்பா, அவரும் பெங்களூர்ல கேடியா இருந்து வந்தவரு. 2016, 2017 ரெண்டு வருஷமும் சௌரசியா, அவங்க அப்பா கொல்கத்தாவுல புல்லு பராமரிக்கிற வேலை பார்த்தவரு. இந்தப் பேருங்கள வரிசையா வெச்சுப் பாருங்க, பை தூக்குறவன் புல்லு வெட்டுறவன் வீட்டுல இருந்து எத்தனை கோப்பை வந்திருக்குன்னு.

ரூல்ஸ் நிறைய மாறிடுச்சா?

ஆமா. நான் வந்தப்ப பந்த டிராப் பண்ணணும்னா, அதாவது ஆட முடியாத இடத்துல போன பந்துக்குப் பதிலா கைல இருந்து கீழ போட்டு ஆடணும்னா, குழியப் பார்த்து நின்னு தோளுக்கு மேல பின்னாடி போடணும், 1984ல கைய நீட்டி தோள் உயரத்துல, 2019ல முட்டி உயரம். பந்து தேட அஞ்சு நிமிஷம் இருந்தது 2019ல மூணு ஆச்சு, முள்ளுப் புதர்ல மூணு நிமிஷம் பத்தாது. கொடி குழிலயே இருக்க பட் அடிக்கலாம்ங்கறதும் அந்த வருஷம் வந்ததுதான், முன்ன அது மேல பட்டா ரெண்டு ஸ்ட்ரோக் தண்டனை. கொடிய பிடிச்சுக்கிட்டு குழிகிட்ட நிக்குறது கேடியோட வேலை, நிழல் கோட்டு மேல விழாம நிக்கணும், சரியான நேரத்துல உருவணும். அந்த வேலை இப்ப பாதி போயிடுச்சு.

எங்க தாத்தா வெச்சிருந்த பழைய மர கோல்ஃப் குச்சி பரண்ல கிடக்கு, என்ன பண்றது?

வெயில்ல வெக்காதீங்க, ஈரத் துணில துடைக்காதீங்க. மரம் வெடிக்காம இருந்தா லேசா எண்ணெய் தடவி சுவத்துல மாட்டுங்க. இப்ப வர்ற பந்த அதுல அடிக்காதீங்க, முகம் உடையலாம். விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை எங்கிட்ட காட்டுங்க, காசுக்கு இல்ல, கைல பிடிச்சுப் பார்க்கணும்னு ஆசை.

உங்க மாமா இப்ப இருக்காரா?

2003ல தவறிட்டாரு. கடைசி ஒரு வருஷம் ஏற்காட்டுல எங்க அம்மா வீட்டுலதான் இருந்தாரு, அக்கா தம்பி ரெண்டு பேரும் திண்ணைல வெயில் காய்ஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. கண்ணு சரியா தெரியல. ஒரு நாள் களத்துக்கு கூட்டிட்டுப் போங்கன்னாரு. செருப்ப கழட்டிட்டு நடுவுல போய் நின்னாரு, கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் கைய நீட்டி "ஓட்டை அந்த மூலைலதானே"ன்னாரு. அந்த மூலைதான். அவரு அந்த எஸ்டேட்டுக்கு அதுக்கு முன்னாடி கடைசியா வந்தது சின்ன வயசுல.

ஏற்காட்டுல பசங்களுக்கு சொல்லிக்கொடுக்குறீங்களாமே, நாங்க அனுப்பலாமா?

பதினெட்டு குழில ஆடணும்னா ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர்னு போங்க. இங்க நான் சொல்லிக்கொடுக்குறது அதே மாதிரி ஒரு களத்துலதான், எஸ்டேட்காரர் ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் விடுறாரு. நாலு பழைய பட்டர் (பட்டிங் பண்ற குச்சி), ரெண்டு அயர்ன், பிளாஸ்டிக் பந்து இருக்கு. லைன் வீட்டுப் பசங்க, டவுன்ல இருந்து வர்ற பசங்க, எல்லாம் சேர்ந்து பதினோரு பேர் வர்றாங்க, ஒருத்தர் அடிச்சா அடுத்தவர் கேடி, மாறி மாறி. கேடியா நிக்காத புள்ளைக்கு நான் குச்சி கொடுக்க மாட்டேன், இத அப்பா அம்மா முன்னாடியே தெரிஞ்சுக்கணும்.

காசு வேண்டாம். டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் களத்துல காப்பி காயும், அப்ப வகுப்பு கிடையாது. புது ஷூ எதுவும் வாங்க வேண்டாம், களத்து வாசல்லயே செருப்ப கழட்டச் சொல்லிடுவேன்.